பந்து சிக்கும் இடத்தில் பிழை

நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு அச்சிடுவதற்கு ஒரு நிரல் இருந்தது. மூன்று வருடம் முணுமுணுக்காமல் ஓடியது. ஒரு மாதம் திடீரென்று நடுவழியில் நின்றுவிட்டது. பாதிப் பேருக்குச் சீட்டு வந்தது, மீதிப் பேருக்கு வரவில்லை. இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து தேடியதில் காரணம் கிடைத்தது: அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்குக் கடைசிப் பெயர் இல்லை. நம் ஊர்க்காரன். ஒரு பெயர், முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். சேரும்போது கொடுத்த படிவத்தில் ‘லாஸ்ட் நேம்’ கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறான். நிரல் வழக்கம்போல் கடைசிப் பெயரை எடுத்துப் பெரிய எழுத்துக்கு மாற்றப் போனது. எடுக்க ஒன்றும் இல்லை. விழுந்துவிட்டது.

டெஸ்டிங் செய்யாமலா விட்டிருப்பார்கள்? செய்திருந்தார்கள். சோதனைக்கென்று வைத்திருந்த பெயர்ப் பட்டியலைப் பிறகு திறந்து பார்த்தேன். சர்மா, ரெட்டி, நாயர், பட்டேல், முகர்ஜி, டிசோசா என்று பாரதமே அதில் இருந்தது. ஒற்றைப் பெயர்க்காரர் ஒருவர்கூட இல்லை.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது அடுப்படியில் சரி. ஒரே பானை, ஒரே கொதி. ஒரு பருக்கை வெந்திருந்தால் பக்கத்துப் பருக்கையும் வெந்திருக்கும். நிரலில் அந்த உத்தரவாதம் கிடையாது. பத்தாயிரம் பருக்கையும் பூப்போல வெந்திருக்க, அடுத்தது கல்லாக இருக்கலாம். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞர் அரை நூற்றாண்டுக்கு முன்பே இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: சோதித்துப் பார்த்தால் பிழை இருப்பது தெரியவரலாம், பிழையே இல்லை என்பது ஒருநாளும் தெரியவராது.

பிழை இல்லை என்பதை எப்படித்தான் காட்டுவது? நிரூபித்துத்தான். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை என்று எட்டாம் வகுப்பில் படித்தோமே, அதற்காக யாரும் உலகத்து முக்கோணங்களை எல்லாம் அளந்து பார்க்கவில்லை. இணைகோடு ஒன்று வரைந்து, நாலு வரியில் எல்லா முக்கோணத்துக்கும் சேர்த்து முடித்துவிட்டார்கள். அதேபோல நிரலின் வரிகளை வைத்தே, ‘எந்தப் பெயர் வந்தாலும், பெயரே வராவிட்டாலும் இது விழாது’ என்று காட்டிவிட முடியும். இதற்கு ஃபார்மல் வெரிஃபிகேஷன் என்று பெயர். வாய்க்குச் சுலபமாக, நிரூபணம் என்றே இங்கே சொல்கிறேன்.

முடியும் என்றால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? செலவு. ஆஸ்திரேலியாவின் நிக்டா ஆய்வு நிறுவனத்தில் எஸ்இஎல்4 என்ற குட்டி இயங்குதளக் கருவை முழுதாக நிரூபித்து 2009-இல் வெளியிட்டார்கள். நிரல் ஏறக்குறைய 8,700 வரி. அதற்கு எழுதிய நிரூபணம் 2 லட்சம் வரி. ஒரே ஆள் உட்கார்ந்து செய்திருந்தால் சுமார் 20 வருடம் ஆகியிருக்கும். அதுவும் யாரோ ஓர் ஆள் இல்லை, தர்க்கத்திலும் கணிதத்திலும் ஊறிய ஆள். நம் கைபேசியில் ஓடும் மென்பொருள் பல கோடி வரி. அத்தனைக்கும் நிரூபணம் எழுத உலகத்தில் அப்படிப்பட்ட ஆட்கள் போதாது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா இந்த இடத்தில்தான் ஒரு குறுக்கு யோசனை செய்தது. நிபுணர்கள் குறைவு, சரி. ஆனால் பேருந்திலும் படுக்கையிலும் புதிர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருக்கிற ஜனம் கோடிக்கணக்கில் இருக்கிறதே? நிரூபணத்தில் வரும் சிக்கல்களைப் புதிர்களாக மாற்றி அவர்களிடம் கொடுத்தால்? 2013 டிசம்பரில் வெரிகேம்ஸ் என்ற இணையதளத்தில் ஐந்து இலவச விளையாட்டுகளை வைத்தார்கள்: சர்க்யூட்பாட், ஃப்ளோ ஜாம், கோஸ்ட் மேப், ஸ்டார்ம்பவுண்ட், சைலெம். ஒவ்வொன்றையும் வெவ்வேறு பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் கூடிச் செய்தன. விளையாடுகிறவருக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டாம், பின்னால் நிரல் இருக்கிறது என்றுகூடத் தெரிய வேண்டாம்.

கேட்பதற்கு வித்தைக்காரன் பேச்சு மாதிரி இருக்கிறது. பந்தை உருட்டினால் எப்படி நிரல் சரியாகும்? சம்பளச் சீட்டை வைத்தே பார்த்துவிடுவோம்.

குழாய், பந்து, ரம்பம்

நிரலாளர்கள் பேச்சில் ‘நல்’ என்று ஒரு சொல் அடிபடும். தமிழில் எழுதிப் பார்த்தால் நல்லது போலத் தெரிகிறது. இதைவிடக் கெட்டது அவர்கள் தொழிலில் அதிகம் இல்லை. ‘இங்கே ஒன்றுமில்லை’ என்பதற்கான குறி அது. காலியாக விட்ட கடைசிப் பெயர் நிரலுக்குள் நல் ஆகத்தான் போகிறது. பூஜ்யம் வேறு, எழுத்தே இல்லாத வெற்றுச்சொல் வேறு, நல் வேறு. அதைப் பெரிய எழுத்தாக்கு, நீளம் சொல் என்று எதைக் கேட்டாலும் நிரல் அங்கேயே விழும். டோனி ஹோர் என்ற ஆங்கிலேயர் 1965-இல் ஒரு நிரல்மொழியை வடிவமைக்கும்போது, சுலபமாக இருக்கிறதே என்று இதை உள்ளே விட்டார். 2009-இல் ஒரு மேடையில் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று அவரே சொன்னார். நிரல்களை நிரூபிப்பதற்கான தர்க்க முறையை 1969-இல் எழுதிக் கொடுத்தவரும் இதே ஹோர்தான். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே கைராசி.

சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் எர்ன்ஸ்ட்டும் அவரது கூட்டாளிகளும் இந்த நல் சிக்கலைக் குழாய் விளையாட்டாக்கி, 2012-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். பெயர் பைப் ஜாம். அதன் அடுத்த வடிவம்தான் வெரிகேம்ஸில் வந்த ஃப்ளோ ஜாம்.

நிரலில் மதிப்பு போட்டு வைக்கும் ஒவ்வொரு பெயரும் இங்கே ஒரு குழாய். அதற்குள் போகும் மதிப்பு பந்து. நல் ஆக இருக்கலாம் என்ற சந்தேகமுள்ள மதிப்பு பெரிய பந்து. நல் ஆக இருக்கவே முடியாது என்று உறுதியான மதிப்பு சின்னப் பந்து. குழாயும் இரண்டு வகை, அகலம், குறுகல். அகலக் குழாயில் எந்தப் பந்தும் போகும். குறுகலில் சின்னது மட்டும்தான் போகும்.

நம் நிரலில் மூன்றே வரி என்று வைத்துக்கொள்வோம். படிவத்திலிருந்து கடைசிப் பெயரை எடு, அதைப் பெரிய எழுத்தாக்கு, அச்சிடு. திரையில் மேலே படிவத்திலிருந்து ஒரு குழாய் இறங்குகிறது. படிவம் காலியாக இருக்கலாம் என்பதால் அங்கே விழுவது பெரிய பந்து. கீழே ‘பெரிய எழுத்தாக்கு’ என்ற இடத்தில் குழாயின் கழுத்து இறுகியிருக்கிறது. நல் வந்தால் அங்கே விழுவது நிச்சயம் என்பதால் அந்தக் கழுத்தை யாரும் மாற்ற முடியாது. நடுவில் இருக்கும் ‘கடைசிப் பெயர்’ குழாய் மட்டும் நம் கையில். தொட்டால் அகலமாகும், மறுபடி தொட்டால் குறுகும்.

அகலமாக்கினால் பந்து அதைத் தாண்டிக் கீழே கழுத்தில் சிக்குகிறது. குறுக்கினால் மேலேயே சிக்குகிறது. எப்படிப் போட்டாலும் எங்காவது ஓரிடத்தில் சிவப்பு விளக்கு. விளையாடுகிற பெண்ணுக்கு இது எரிச்சல். இந்த ஆட்டம் தீராது போலிருக்கிறதே என்று நினைப்பாள். தீராததுதான் செய்தி. அந்தக் குழாயில் நிஜமாகவே பிழை இருக்கிறது. ‘பெயர் காலியாக இருந்தால் வெற்றுச்சொல்லை வைத்துக்கொள்’ என்று ஒரு வரியை நடுவில் சேர்த்து, அதே நிரலை மறுபடி குழாயாக்கினால், அந்த இடத்தைத் தாண்டும்போது பந்து சின்னதாகிவிடும். பந்து கடகடவென்று அடிவரை உருளும். குழாய் முழுக்க எங்கும் சிக்கவில்லை என்றால், எந்தப் படிவம் வந்தாலும் எந்தக் காலத்திலும் அந்த நிரல் நல் காரணமாக விழாது என்று நிரூபணம் ஆகிவிட்டது. எந்தெந்தக் குழாய் அகலம், எது குறுகல் என்ற விவரம் நிரலின் வரிகளுக்குப் பக்கத்தில் குறிப்புகளாகப் போய் உட்காரும். அதைச் சரிபார்க்க எர்ன்ஸ்ட் குழுவினரே செய்த செக்கர் ஃபிரேம்வொர்க் என்ற கருவி இருக்கிறது. ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

தீராத ஆட்டத்தை அப்படியே விட்டுவிட முடியாது என்பதால் விளையாட்டில் ஒரு ரம்பம் வைத்திருந்தார்கள். குழாயில் அதைப் பொருத்தினால் பெரிய பந்தைச் செதுக்கிச் சின்னதாக்கிவிடும். ஆனால் மதிப்பெண் குறையும். ‘இந்த இடத்தில் நல் வராது, நான் பொறுப்பு’ என்று நிரலாளர் கையெழுத்துப் போடுவதற்குச் சமம் அது. ரம்பம் வைத்த இடங்களை மட்டும் ஒரு நிபுணர் பிறகு வந்து பார்ப்பார். லட்சம் வரியில் எங்கே பிழை என்று தேடுகிறவருக்கு, இந்தப் பன்னிரண்டு இடங்களைப் பார், போதும் என்று சொல்வது சின்ன உதவி இல்லை.

பந்தின் பொருளை மாற்றினால் இதே குழாய் வேறு பிழையையும் பிடிக்கும். பெரிய பந்து, முன்பின் தெரியாத ஆள் இணையத்தில் தட்டிவிட்ட எழுத்து. குறுகிய கழுத்து, தரவுத்தளத்துக்கு நேராகப் போகும் கட்டளை. பந்து சிக்காவிட்டால், வெளியாள் தட்டிய எழுத்து கட்டளைக்குள் கலந்து தரவைத் திருடும் வழி அடைபட்டது என்று பொருள். ஆனால் ஒரு விஷயம். நல் குழாய் சுத்தமாக இருப்பதால் சம்பளக் கணக்கு சரி என்று ஆகிவிடாது. எந்தக் கேள்வியைக் குழாயாக்கினோமோ அதற்கு மட்டும்தான் பதில். பி.எஃப் பிடித்தம் தப்பாக இருந்தால் அது பாட்டுக்குத் தப்பாகவே, ஒருமுறைகூட விழாமல், அச்சாகும்.

இதைக் கணினியே செய்துகொள்ளாதா?

மூன்று குழாய் என்றால் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். எங்குமே சிக்காத தீர்வு இருக்கிறதா, இல்லையா என்பதைப் பெரிய நிரலுக்கும் கணினியால் சொல்ல முடியும். சிக்கல், நிஜ நிரல்களில் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும் என்பது. எங்காவது சிக்கித்தான் தீரும். எங்கே சிக்கவிட்டால் மொத்தச் சேதம் குறைவு என்பதுதான் கேள்வி.

முப்பது குழாய்களை அகலம், குறுகல் என்று இரண்டு விதமாக வைக்கலாம் என்றால் மொத்த வழிகள் 107 கோடிக்கு மேல். நிஜ நிரலில் குழாய்கள் ஆயிரக்கணக்கில். போதாக்குறைக்கு, ஒரே பெயர் நிரலில் பத்து இடத்தில் வந்தால் அந்தப் பத்துக் குழாயும் ஒரே நிறத்தில் இருக்கும். ஒன்றைத் தொட்டால் பத்தும் மாறும். இங்கே ஓர் அடைப்பை எடுத்தால் அங்கே மூன்று முளைக்கும். நல்ல தீர்வு நிரல்கள் எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாக முயல்வதில்லை, கெட்டிக்காரத்தனமாகத்தான் தேடும். இருந்தாலும் இந்த வகைக் கணக்கு அளவு கூடக்கூட அவற்றையும் திணறடிக்கும்.

மனிதக் கண் வேறு விதமாக வேலை செய்கிறது. கீழே நாலு இடத்தில் சிவப்பு எரிகிறது. நாலும் மேலே ஒரே குழாயிலிருந்து கிளை பிரிந்து வந்தவை. நாலு ரம்பத்தை அங்கே வைப்பதற்குப் பதில் மேலே ஒன்றை வைத்தால் போயிற்று என்று பார்த்த மாத்திரத்தில் தோன்றுகிறது. வீட்டில் நாலு குழாயிலும் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் குழாய் குழாயாகக் கழற்றுவதில்லை, மாடிக்குப் போய் டாங்க் வால்வைப் பார்க்கிறோம். அந்த மாதிரிப் புத்திதான் இங்கே தேவைப்பட்டது.

பூவின் இதழை எண்ணினால்

ஐந்து விளையாட்டில் எனக்குப் பிடித்தது சைலெம். ஐபேடுக்காகச் செய்தது. கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகமும் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கினார்கள். புதிதாகக் கண்டுபிடித்த ஒரு தீவில் நீங்கள் தாவரவியலாளர். ஒரு செடி கட்டம் கட்டமாக வளர்வதைக் காட்டுவார்கள். அதன் பாகங்களின் எண்ணிக்கைக்குள் என்ன உறவு என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

விளையாட்டில் வந்த செடி இல்லை, அதே பாணியில் நானாக ஒரு செடியைச் செய்து காட்டுகிறேன். சிவப்பு இதழும் மஞ்சள் இதழும் உள்ள பூ. முதல் நாள் இரண்டும் 0. அடுத்த நாள் சிவப்பு 1, மஞ்சள் 1. பிறகு சிவப்பு 2, மஞ்சள் 4. அதற்கடுத்து 3, 9. பிறகு 4, 16. இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: சிவப்பைச் சிவப்பால் பெருக்கினால் மஞ்சள்.

பூவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்பச் சுற்றும் நிரல் துண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அது செய்வது இரண்டே வேலை. மஞ்சளோடு, சிவப்பின் இருமடங்கையும் ஒன்றையும் கூட்டு; பிறகு சிவப்பில் ஒன்றைக் கூட்டு. சிவப்பைச் சிவப்பால் பெருக்குவது இதில் எங்கும் இல்லை பாருங்கள். ஆனாலும் எத்தனை சுற்று போனாலும் மஞ்சள் சிவப்பின் வர்க்கமாகவே இருக்கும். சுற்றுக்குச் சுற்று எண்கள் மாறினாலும் மாறாமல் நிற்கும் இந்த உறவுக்கு இன்வேரியன்ட் என்று பெயர். மாறிலி என்று கணிதத்தில் வேறொன்றைச் சொல்வதால், ‘மாறா உறவு’ என்று வைத்துக்கொள்வோம்.

லூப்பை நிரூபிப்பதில் தலைவலியே இதுதான். லூப் எத்தனை முறை சுற்றும் என்று முன்கூட்டித் தெரியாது, பத்து முறையோ பத்துக் கோடி முறையோ. ஒவ்வொரு சுற்றாகப் பின்தொடர முடியாது. ஆனால் சரியான மாறா உறவு ஒன்று கையில் கிடைத்துவிட்டால் வேலை இரண்டே படி. தொடக்கத்தில் அது உண்மையா? 0-இன் வர்க்கம் 0, உண்மை. ஒரு சுற்றுக்கு முன் உண்மை என்றால் சுற்றுக்குப் பின்னும் உண்மையா? முன்பு மஞ்சள், சிவப்பின் வர்க்கம். இப்போது அதோடு இருமடங்கு சிவப்பும் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. (அ+1)²-ஐ விரித்தால் அ²+2அ+1. ஒன்பதாம் வகுப்புச் சமாச்சாரம். புதிய மஞ்சள், புதிய சிவப்பின் வர்க்கம். முடிந்தது. பத்துக் கோடி சுற்றுக்கும் சேர்த்து நிரூபணம்.

இரண்டாவது படியைக் கணினி நொடியில் சரிபார்த்துவிடும். ‘வர்க்கமாக இருக்குமோ’ என்று முதலில் தோன்ற வேண்டுமே, அங்கேதான் அது தடுமாறும். எந்த நிரலைக் கொடுத்தாலும் வேண்டிய மாறா உறவைத் தானே கண்டுபிடித்துத் தருகிற இயந்திரத்தைக் கட்டவே முடியாது. சில கேள்விகளுக்கு எந்தக் கணினியாலும் பதில் தர முடியாது என்று கணித மேதை ஆலன் டூரிங் 1936-இல் காட்டிய எல்லை இங்கே வரை நீள்கிறது. சில வகை லூப்களுக்குக் கணினி தானே கண்டுபிடிக்கும், மற்றவற்றில் கையை விரிக்கும். அதற்கு அந்தத் தாவரவியலாளர் வேண்டும். ஒருவர் ‘மஞ்சள் எப்போதும் சிவப்பைவிடக் குறையாது’ என்பார். உண்மைதான், ஆனால் எதற்கும் உதவாமல் போகலாம். இன்னொருவர் ‘சிவப்பு இரட்டை என்றால் மஞ்சளும் இரட்டை’ என்பார். அதுவும் உண்மை. மூன்றாவது ஆள் வர்க்கம் என்பார். மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு எது உதவுகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். கூட்டத்திடம் கேட்பதில் இது ஒரு வசதி, பத்துப் பேர் பத்து விதமாகப் பார்ப்பார்கள்.

முகம் தெரியாதவர் சொன்னதை நம்பலாமா?

இந்தத் திட்டத்தைப் பற்றி யாரிடம் சொன்னாலும் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. விமானத்திலோ வங்கியிலோ ஓடும் மென்பொருள் சரியா என்று, பொழுது போகாமல் விளையாடுகிற யாரோ ஒருவர் தீர்மானிப்பதா?

அவர் தீர்மானிப்பதில்லை. விடுகதையை நினைத்துப் பாருங்கள். பாட்டி ஒன்றைப் போட்டால் விடை தேட அரை மணி நேரம் ஆகும். யாராவது விடையைச் சொன்ன நொடியில் அது பொருந்துகிறதா என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். விடை சொன்னவன் படித்தவனா, பொய்யனா, ஐந்து வயதுப் பொடியனா என்பது பொருட்டே இல்லை. நிரூபணமும் அந்த ஜாதி. கண்டுபிடிப்பது கடினம், கண்டுபிடித்ததைச் சரிபார்ப்பது சுலபம். விளையாடியவர் தவறான உறவைச் சொன்னால் சரிபார்க்கும் நிரல் தள்ளிவிடும். வேண்டுமென்றே ஏமாற்றினாலும் தள்ளிவிடும். ரம்பம் வைத்த இடம் மட்டும்தான் நம்பிக்கையில் போவது, அதைத்தான் நிபுணரிடம் அனுப்புகிறோம்.

கூட்டத்தைக் கொண்டு வேலை வாங்கும் மற்ற ஏற்பாடுகளிலிருந்து இது வேறுபடும் இடமும் இதுவே. லூயிஸ் வான் ஆன் என்ற கணினி அறிஞர் 2007-இல் கொண்டுவந்த ரீகேப்ச்சா நினைவிருக்கிறதா? இணையதளத்துக்குள் வருவது மனிதர்தானா என்று பார்க்க, வளைந்து நெளிந்த இரண்டு சொற்களைத் தட்டச் சொல்லும். அதில் ஒன்று பழைய அச்சுத் தாள்களிலிருந்து கணினியால் படிக்க முடியாமல் போன சொல். நாம் தட்டியது சரியா என்று அதற்குத் தெரியாது. பலர் ஒரே மாதிரி தட்டினால் சரி என்று எடுத்துக்கொண்டது. பெரும்பான்மை வாக்கு. நிரூபணத்தில் வாக்குக்கே வேலையில்லை. ஆயிரம் பேர் தவறாகச் சொல்லி ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் அந்த ஒருவர்தான் வென்றவர்.

டார்பாவுக்குத் தெம்பு கொடுத்த முன்னோடி ஃபோல்டிட். இதுவும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான், 2008-இல். புரதத்தின் சங்கிலியை மடித்துச் சரியான உருவத்துக்குக் கொண்டுவரும் விளையாட்டு. குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதி எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பத்து வருடத்துக்கு மேல் ஆய்வாளர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. ஃபோல்டிட் ஆட்கள் மூன்று வாரத்துக்குள் அதற்கு நல்ல மாதிரியைக் கொடுத்துவிட்டார்கள். 2011-இல் வெளியான அந்தச் செய்தி எத்தனை பேரை உசுப்பியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

நடந்தது என்ன

வெரிகேம்ஸுக்கு ஆட்கள் வந்தார்கள். அரசு விதிகளின் காரணமாக 18 வயது நிரம்பியவர்கள் மட்டும்தான் விளையாடலாம். புதிர் விளையாட்டில் மணிக்கணக்கில் உட்காரும் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வாசலிலேயே நிறுத்திய விதி அது. இருந்தும் முதல் சுற்றில் விளையாடியவர்களின் ஆட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான குறிப்புகள் நிரல்களுக்குக் கிடைத்தன. 2015-இல் இரண்டாம் சுற்று விளையாட்டுகள் வந்தன.

கடினமாக இருந்தது, சுவாரஸ்யமாக்குவது. கேண்டி க்ரஷ் மாதிரி ஒரு விளையாட்டில் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்துச் செய்கிறார். இந்தக் கட்டத்தில் ஆள் கொஞ்சம் திணற வேண்டும், அடுத்ததில் ஜெயிக்க வேண்டும், அப்போதுதான் போனைக் கீழே வைக்க மாட்டார் என்று அளந்து வைக்கிறார். இங்கே கட்டத்தைச் செய்தது யாரோ எப்போதோ எழுதிய நிரல். எழுதியவருக்கு யாரையும் மகிழ்விக்கும் எண்ணம் இருந்திருக்காது. அதனால் ஒரு கட்டம் சப்பென்று இருக்கும், அடுத்தது இரண்டாயிரம் குழாய்களோடு இடியாப்பச் சிக்கலாக வந்து நிற்கும். இடையில் ஒன்றும் இருக்காது. சுலபமான கட்டங்களைக் கணினியே முன்கூட்டித் தீர்த்துவிடுவதால், மனிதர் கைக்கு வருவது எச்சம் மட்டும் என்பது இன்னொரு கொடுமை.

இரண்டாம் சுற்றில் வாஷிங்டன் குழுவினர் கொடுத்த பேரடாக்ஸ் இந்த இடத்தில் திசை மாறியது. குழாய் குழாயாகத் தொட வேண்டாம். முழு வலைப்பின்னலும் வானத்திலிருந்து பார்ப்பது போலத் தெரியும். எந்தப் பகுதி சிக்கலாக இருக்கிறதோ அதன்மேல் தூரிகையால் தீட்டினால், அந்தப் பகுதியை மட்டும் கணினி எடுத்துத் தீர்க்கும். எங்கே கை வைப்பது என்பது மனிதர் வேலை, கை வைத்த இடத்தில் கூட்டிக் கழிப்பது இயந்திரத்தின் வேலை. இந்தப் பங்கீடுதான் இந்தத் திட்டத்திலேயே உருப்படியான கண்டுபிடிப்பு என்பது என் கருத்து. பைனரி ஃபிஷன் என்ற மற்றொன்றில், நிரலைச் சரியாக ஓடவிட்ட நிலைகளும் தவறவிட்ட நிலைகளும் இரண்டு நிறத் துகள்களாகக் கலந்து வரும். வடிகட்டிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றைப் பிரிக்க வேண்டும். பிரித்த வடிகட்டிகளின் வரிசையைச் சேர்த்துப் படித்தால், இந்த நிரலுக்கு எந்த மாதிரி உள்ளீடு வந்தால் பத்திரம் என்ற நிபந்தனை கிடைக்கும். நிரலே தெரியாதவர்கள் இதில் சுருக்கமான, படித்தால் புரிகிற நிபந்தனைகளைக் கண்டுபிடித்தார்கள் என்று அதைச் செய்தவர்கள் 2016-இல் எழுதினார்கள்.

பிறகு திட்டம் முடிந்தது. உலகத்து மென்பொருள் எல்லாம் விளையாட்டால் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் ‘யாராவது ஊகிக்கட்டும், இயந்திரம் சரிபார்க்கட்டும்’ என்ற அமைப்பு அப்படியே நிற்கிறது. ஊகிக்கிற நாற்காலியில்தான் ஆள் மாறுகிறது. கடந்த சில ஆண்டுகளாக ஆய்வாளர்கள் லூப்பைச் சாட்பாட்டின் பின்னால் இருக்கும் மொழி மாதிரிகளிடம் கொடுத்து, மாறா உறவை ஊகிக்கச் சொல்கிறார்கள். அவை வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடியவை என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே அது உறுத்துவதில்லை. தாவரவியலாளர் சொன்னதைத் தள்ளிய அதே சரிபார்ப்பு நிரல் இதையும் தள்ளிவிடும்.

எங்கள் சம்பளச் சீட்டுப் பிழை எப்படித் தீர்ந்தது என்று சொல்லவில்லையே. நிரலைத் திருத்த மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு ஒரு வாரம் ஆகும். சம்பளம் அதுவரை காத்திருக்காது. மனிதவளப் பிரிவில் இருந்த அம்மா அந்தப் பையனின் பதிவைத் திறந்து, லாஸ்ட் நேம் கட்டத்தில் ஒரு முற்றுப்புள்ளியைத் தட்டினார். சீட்டு வந்துவிட்டது. குழாயை யாரும் தொடவில்லை, பந்தைச் செதுக்கியதோடு சரி. நான் அங்கிருந்து கிளம்பும்வரை அவன் சம்பளச் சீட்டில் பெயருக்குப் பின்னால் அந்தப் புள்ளி இருந்தது. அடுத்த ஜூனில் சேர்ந்த இரண்டு பேருக்கும் புள்ளி வைத்தார்கள்.